இரண்டாவது சார்ஜர் வரை

எலெக்ட்ரிக் காரை ஆபீசுக்கும் கடைக்கும் ஓட்டிப் பழகியாயிற்று. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் காலையில் நிறைந்திருக்கிறது. இப்போது துணைக்கு யாரும் இல்லாமல் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும் என்று மனசு சொல்கிறது. அப்படிப்பட்டவருக்காகத்தான் இந்த அத்தியாயம். நான் இந்தச் சாலையில் தனியாக ஐந்து முறை போய்வந்திருக்கிறேன். கீழே வரும் எண்கள் என் வண்டியின் எண்கள். உங்கள் வண்டிக்கு அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் யூனிட். பேட்டரி 45 கிலோவாட் ஹவர் என்று எழுதியிருந்தால் 45 யூனிட் என்று படியுங்கள். வீட்டு ஈபி மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 'ஃபுல் சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு ஓடும்' என்று கேட்கப் பழகுங்கள். என் வண்டி ஹைவேயில் ஏசி போட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் தருகிறது. 100-ல் போனால் ஐந்தரையை ஒட்டி இறங்கிவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம். 80-லிருந்து 100-க்குப் போகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான். ஆனால் அங்கே எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்துவிடுவதால் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைப்பதில்லை. இன்னொன்றும் தலைகீழ். பெட்ரோல் கார் ஊருக்குள் அதிகம் குடிக்கும், ஹைவேயில் குறைவாகக் குடிக்கும். நம் கார் ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஹைவேயில் அந்த வரவு கிடையாது. ஆகவே சென்னைக்குள் உங்கள் வண்டி காட்டிய கிலோமீட்டரை நம்பி உளுந்தூர்பேட்டைக்குக் கணக்குப் போடாதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு விடியற்காலை திண்டிவனம் வரை போய்த் திரும்புங்கள். அந்த ஒரு ஓட்டத்தில் உங்கள் வண்டியின் ஹைவே எண் கையில் கிடைத்துவிடும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தாம்பரத்திலிருந்து கிளம்பினால் உளுந்தூர்பேட்டை சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி 130, திருச்சியிலிருந்து மதுரை 135, மதுரையிலிருந்து திருநெல்வேலி 155-க்குச் சற்று மேல், நெல்லையிலிருந்து கன்னியாகுமரி 85. எல்லாம் சேர்த்து 680-ஐ ஒட்டி வரும். யூனிட்டுக்கு 7 என்று வைத்தால் 97 யூனிட். 100 வேகத்தில் பறந்தால் 124 யூனிட். ஓட்டத்தில் ஒன்றரை மணி நேரம் மிச்சமானது போலத் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் 27 யூனிட்டை ஏற்றிக்கொள்ள இன்னொரு இடத்தில் நிற்க வேண்டும். அங்கே ஒரு வண்டி முன்னால் நின்றிருந்தால் மிச்சம் பிடித்த நேரம் பெரும்பாலும் கரைந்துவிடும். தனியாக ஓட்டுகிறவருக்கு 80-லிருந்து 85 வரை நல்ல வேகம். உடம்பும் களைப்பதில்லை.

இனி இந்த அத்தியாயத்தின் மையமான விதி. ஒரு சார்ஜரை விட்டுக் கிளம்பும்போது அடுத்த சார்ஜர் வரை போகும் சார்ஜ் போதாது. அதற்கும் அடுத்த சார்ஜர் வரை போய்ச் சேரும் அளவு பேட்டரியில் இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகும் 10 சதவீதம் மிஞ்ச வேண்டும். முதல் சார்ஜர் வேலை செய்யும் என்று நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது. இரண்டு பேர் போனால் ஒருவர் போனில் தேடலாம், ஒருவர் ஓட்டலாம், ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்ள மற்றவர் ஆட்டோ பிடித்துப் போய் ஆள் கூட்டிவரலாம். தனி ஆளுக்கு இது எதுவும் இல்லை. அவருக்குக் கூடவரும் துணை அந்த மிச்ச சார்ஜ்தான்.

இந்த விதியை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் இரண்டாவது பயணத்தில் மதுரை சார்ஜரில் எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. என்னிடம் 35 சதவீதம் இருந்தது. சாத்தூர் பக்கம் ஒரு சார்ஜர் 80 கிலோமீட்டருக்குள் இருப்பதாக ஆப் காட்டியது, பச்சை நிறத்தில். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கிளம்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை, பேட்டரியில் 11 சதவீதம். மெஷினின் திரை கறுப்பாக இருந்தது. காவலுக்கு இருந்த பையன் ஓடிவந்தான்.

"காலையிலேருந்தே இப்படித்தான் கெடக்குக்கா. மாசாந்திர கரண்ட் கட்டு. அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துருச்சு, இது மட்டும் எந்திரிக்கல."

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுநாள் ஆள் வருவார் என்றார்கள். அடுத்த சார்ஜர் 42 கிலோமீட்டர். என்னிடம் இருந்தது 5 யூனிட், அதாவது 35 கிலோமீட்டர். ஏசியை நிறுத்தி 50-ல் ஊர்ந்தால் ஒருவேளை போயிருக்கலாம். ஆனால் இருட்டும் நேரத்தில் லாரிகளுக்கு நடுவில் 50-ல் ஊர்வது நான் எடுக்க விரும்பாத ஆபத்து. "பக்கத்துல மாவு மில்லு எதுவும் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். இரண்டு கிலோமீட்டரில் ஊருக்குள் ஒன்று இருந்தது.

ஏன் மாவு மில்? டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் வயரிங் ஒரு ஃபேனுக்கும் பல்புக்கும்தான் தாங்கும். நம் போர்ட்டபிள் சார்ஜர் மணிக்கணக்காக 3 கிலோவாட் இழுக்கும். மாவு மில், ரைஸ் மில், லேத் பட்டறை மாதிரி மோட்டார் ஓடுகிற இடத்தில் கனமான வயர் இருக்கும், எர்த் குழியும் இருக்கும். வழியில் சிக்கினால் இவற்றைத்தான் தேட வேண்டும்.

மில்காரர் அறுபது வயதுக்காரர். கதர்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே யாருக்கோ மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது, வாசல்வரை நெடி. விஷயத்தைச் சொன்னதும், "என்ன தாயி, காருக்குக் கரண்டுதான? போட்டுக்கோ" என்றார். பவர் பிளக்கில் செருகினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. பச்சைக்கு மாறவில்லை. சுவரெல்லாம் மாவு படிந்த அந்த அறையில் நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கிட்ட வந்து பார்த்தார்.

"எர்த்து இல்லேங்குதா? குழி காஞ்சு கெடக்கும். மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சுல்லா."

மில்லுக்குப் பின்னால் போய், சிமெண்ட் மூடியைத் தூக்கி, எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். மண் சர்ரென்று உறிஞ்சியது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பச் செருகினேன். பச்சை. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஈரமண் கடத்தும். நம் சார்ஜர் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். இரண்டேகால் மணி நேரத்தில் 13 சதவீதம் ஏறியது. அண்ணாச்சி காசு வேண்டாம் என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களும் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். எர்த் இல்லை என்று சார்ஜர் மறுத்தால், நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து அதை ஏமாற்றிவிடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். வயரிங்கில் நியூட்ரல் அறுந்தாலோ மாறியிருந்தாலோ காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். சார்ஜ் ஏறும் முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10-க்கு இறக்கிப் போடலாம்.

அன்றைக்கு அந்த மின்தடை திடீரென்று வந்ததல்ல. பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில் எந்தெந்த ஊருக்கு மின்சாரம் நிற்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், செய்தித்தாளிலும் வருகிறது. பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். இப்போது நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், போகும் மாவட்டங்களின் மின்தடை அறிவிப்பைப் படித்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்து எந்த ஆப்பும் இதைச் சொல்வதில்லை.

ஆப்பில் தெரியும் எல்லாச் சார்ஜரையும் 'இரண்டாவது சார்ஜர்' கணக்கில் சேர்த்துவிட முடியாது. ஒரே ஒரு சார்ஜிங் கன் உள்ள இடத்தை நான் அரை சார்ஜராகத்தான் எண்ணுகிறேன். அந்த ஒன்றில் யாராவது செருகிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மூன்று மெஷின்கள் இருக்கும் இடம், வெவ்வேறு நிறுவனங்களின் மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் என்றால் நம்பலாம். டாடா பவர், ஜியோன், ஸ்டாட்டிக் என்று நிறுவனத்துக்கு ஒரு ஆப் இருக்கிறது. ப்ளக்ஷேரில் எல்லா நிறுவனத்துச் சார்ஜர்களும் சேர்ந்து தெரியும், முன்னால் போனவர்கள் எழுதிய குறிப்புகளும் இருக்கும். பச்சை நிறத்தைப் பார்க்காதீர்கள், கடைசியாக எப்போது யார் சார்ஜ் போட்டார்கள் என்பதைப் பாருங்கள். நேற்று போட்டிருந்தால் நல்லது. மூன்று வாரமாக யாரும் எழுதவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அதைவிட உறுதியான வழி, அந்தச் சார்ஜர் நிற்கும் ஓட்டலுக்கே போன் போடுவது. "மெஷின் ஓடுதுங்களா? இன்னைக்கு யாராவது போட்டாங்களா?" என்று கேட்டால் கல்லாவில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஆப்களை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, ஒவ்வொன்றின் வாலெட்டிலும் ஐந்நூறு ரூபாயாவது போட்டுவிடுங்கள். முன்பணம் இல்லாமல் பல மெஷின்கள் தொடங்காது. நெட்வொர்க் ஒற்றைக் கோடு காட்டும் இடத்தில் ஓடிபிக்காக நிற்பது பெரிய அவஸ்தை. முடிந்தால் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் பாஸ்ட் சார்ஜுக்கு யூனிட் 20 ரூபாயை ஒட்டியோ மேலோ வரும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டில் போடுவதைவிடப் பல மடங்கு. ஆகவே தாம்பரத்தில் 100 சதவீதத்தோடு கிளம்புங்கள்.

வழியில் 80 சதவீதம் போதும். 20-லிருந்து 80 வரை பேட்டரி வேகமாக வாங்கிக்கொள்கிறது. அதற்குமேல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். குறுகிய வாய் உள்ள குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல, கழுத்துக்கு வந்ததும் குழாயைச் சிறிதாக்கத்தான் வேண்டும். என் வண்டிக்கு 20-80 என்பது 27 யூனிட். நல்ல 60 கிலோவாட் மெஷினில் முக்கால் மணிக்குள் ஏறிவிடும், 30 கிலோவாட் மெஷினில் ஒரு மணி நேரம் ஆகும். 80-ஐத் தாண்டிக் காத்திருப்பது, அடுத்த இரண்டு சார்ஜர்களும் தூரத்தில் இருந்தால் மட்டும். பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80-ல் எடுத்துக்கொடுத்துவிடுங்கள். வண்டியை விட்டுச் சாப்பிடப் போனால் போன் நம்பரை எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள்.

தனியாக ஓட்டுகிறவரை அசத்துவது தூக்கம்தான். பகல் இரண்டிலிருந்து நான்கு, விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், இந்த இரண்டு வேளையும் உடம்பு தானாகச் சாயும். சார்ஜ் போட நிற்கும் முக்கால் மணியை இந்த நேரங்களில் விழும்படி வைத்தால், கட்டாய ஓய்வு கிடைத்துவிடுகிறது. என் வழக்கம் இது. விடிந்ததும் தாம்பரம், விக்கிரவாண்டியையோ உளுந்தூர்பேட்டையையோ ஒட்டி இட்லியும் சார்ஜும், திருச்சியில் பகல் சாப்பாடும் சார்ஜும், சாப்பாட்டுக்குப் பின் சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் அலாரம் வைத்த தூக்கம், மாலை மதுரையில் தங்கல். மறுநாள் மிச்சம். ஒரே நாளில் முடித்தவர்கள் உண்டு. தனியாகப் போகிறவர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து. இருட்டிய பிறகு எட்டு மணிக்கு மேல் நான் ஓட்டுவதில்லை.

பெண்கள் தனியாகப் போனால் சார்ஜரின் வேகத்தைவிட வெளிச்சத்தைப் பாருங்கள். பெட்ரோல் பங்கின் பின்பக்க மூலையில் தனியாக நிற்கும் 120 கிலோவாட் மெஷினைவிட, குடும்பங்கள் வந்துபோகும் ஓட்டல் வாசலில் கேமராவுக்கு எதிரே நிற்கும் 30 கிலோவாட் மெஷின் மேல். சுத்தமான கழிப்பறை அங்கேதான் இருக்கும். கிளம்பும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் வீட்டில் ஒருவருக்கு இடத்தின் பெயர், சார்ஜ் சதவீதம், அடுத்து நிற்கும் ஊர், மூன்றையும் அனுப்பிவிடுங்கள். நான் என் தங்கைக்கு அனுப்புவேன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி தாண்டினால் அவள் போன் செய்வாள்.

மற்றவை சுருக்கமாக. கன் வண்டியிலேயே மாட்டிக்கொண்டு வர மறுத்தால் காரைப் பூட்டித் திறந்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பல வண்டிகளில் கையால் இழுத்து விடுவிக்கும் கயிறோ நெம்புகோலோ எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள். அது எங்கே என்று வீட்டிலேயே தேடி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்கள் காரில் பெரிய பேட்டரி தவிர சின்ன 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி எழாது, கிளம்புமுன் சோதித்துவிடுங்கள். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும், கெடுதல் பெரிது. நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிப்போகும் வண்டி வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. டயரில் காற்று குறைந்தால் யூனிட்டுக்கு ஓடும் தூரமும் குறையும். மலைப்பாதைக் கணக்கு தனி, அது அடுத்த அத்தியாயத்தில்.

இனி நெல்லைக்குத் தெற்கே. தூரம் 85 கிலோமீட்டர்தானே என்று இங்கேதான் பலர் அசந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அதன் வாசல்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை வேறு எதற்காக நட்டிருக்கிறார்கள்? வள்ளியூர், பணகுடி தாண்டினால் ஸ்டீயரிங்கிலேயே காற்று தெரியும். காவல்கிணறு பிரிவில் நாகர்கோவில் பக்கம் திரும்பினால் கணவாய்க்கு நேர் எதிரே போகிறீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 80-ல் ஓட்டினால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 100-ல் போகிறது. ஆடி மாதம் இதைவிட பலமாகவும் அடிக்கும். என் வண்டி அங்கே யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தராத நாள் இருந்திருக்கிறது. அந்த மாதங்களில் நெல்லையிலிருந்து கிளம்பும்போது வழக்கமான கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், வேகத்தை 65-க்கு இறக்குங்கள். பாலத்தின் மேலும் லாரியை முந்தும்போதும் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். அப்போது மீட்டர் காட்டும் நல்ல எண்ணை நெல்லையோடு மறந்துவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு மதுரைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் போடும்போது கடல் தெரியும் அறை இருக்கிறதா என்பதற்கு முன்னால், வண்டி நிற்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள். 'இருக்கு' என்றால் வாட்ஸப்பில் படம் கேளுங்கள். ஏசிக்குப் போட்ட பெரிய பிளக்கா, மிக்ஸி போடும் சின்ன பிளக்கா என்று பார்த்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, செருகும்போதும் எடுக்கும்போதும் சதவீதத்தை மேனேஜருக்குக் காட்டிவிட்டால் பேச்சு வராது. ராத்திரி எட்டு மணிக்கு 30 சதவீதத்தில் போட்டால் காலை ஆறுக்குள் 90-ஐ நெருங்கிவிடும். படுக்கப் போகுமுன் ஒருமுறை கீழே இறங்கிவந்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.